கராஜ் ஓப்பனர் வாங்க முதல் கதவைக் கையால் தூக்கிப் பாருங்கள்

நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கிக் குடிபோன முதல் பனிக்காலம். ஜனவரி மாதம், விடிய 5 மணி இருக்கும். கராஜுக்குள் டுமீல் என்று ஒரு சத்தம். கராஜுக்கு மேலே இருக்கும் அறையில் படுத்திருந்த அம்மா கட்டிலால் இறங்கி நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார். ஊரில் யுத்தத்தில் செல் விழுந்த காலத்துப் பழக்கம் அவருடைய உடம்பை விட்டு இன்னும் போகவில்லை. அவரை எழுப்பி இருத்தி, தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போகக் கராஜுக்குள் இறங்கினேன். ஒன்றும் உடைந்ததாகத் தெரியவில்லை. பட்டனை அமத்தினேன். மோட்டர் உறுமியது, கதவு நாலு விரல் உயர்ந்து நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அமத்தினேன். நாலாம் தரம் மோட்டர் மட்டும் சுற்றியது, சங்கிலி அசையவில்லை. மோட்டர்ப் பெட்டிக்கு நேர் கீழே, காரின் மேல், தேங்காய்ப்பூப் போல வெள்ளையாக ஏதோ கொட்டிக் கிடந்தது.

பின்னேரம் திருத்த வந்தவர் எங்கடை ஆள், என்னிலும் இருபது வயது மூத்தவர். ரோச் வெளிச்சத்தைக் கதவுக்கு மேலே அடித்துக் காட்டினார். அங்கே நீளக் கம்பியில் கோத்திருந்த தடித்த ஸ்பிறிங் நடுவில் முறிந்து, இரண்டு துண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. “தம்பி, மோட்டர் கதவைத் தூக்கிறேல்லை. தூக்கிறது ஸ்பிறிங். மோட்டர் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது மட்டும்தான்” என்றார். காரின் மேல் கிடந்த வெள்ளைத் தூள், பாரம் தாங்காமல் அரைபட்டுப்போன மோட்டரின் நைலோன் பல்லுச்சில்லு.

இங்கே புதிதாக வீடு வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி கதவைத் திறந்து மூடும் மோட்டரை, அதாவது ஓப்பனரை, எத்தனை குதிரைவலுவில் வாங்கலாம் என்பதுதான். என் பதில் எப்போதும் ஒன்றே. கடைக்குப் போக முதல் கதவைப் பாருங்கள். கதவை முழுக்க மூடுங்கள். மோட்டர் தண்டவாளத்தில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, மோட்டரிலிருந்து கதவைக் கழற்றி விடுங்கள். இப்போது கையால் தூக்குங்கள். நல்ல கதவு என்றால் ஒரு கையால் தூக்கலாம். இடுப்பளவில் விட்டால் அந்தரத்தில் நிற்கும். கையை விட்டதும் தொம் என்று விழப் பார்த்தால், அல்லது தானாக மேலே ஓடினால், ஸ்பிறிங் சரியில்லை. அப்படிப்பட்ட கதவுக்கு எவ்வளவு பெரிய மோட்டர் பூட்டினாலும் காசு வீண். இந்தச் சோதனையைக் கதவு மூடியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஸ்பிறிங் முறிந்த கதவு மேலே நிற்கும் நேரத்தில் சிவப்புக் கயிற்றை இழுத்தால், கதவின் முழுப் பாரமும் கீழே நிற்கிறவரின் தலையில் வரும். இன்சுலேஷன் வைத்த இரண்டு கார்க் கதவு 150 இறாத்தலைத் தாண்டுவது சாதாரணம்.

ஸ்பிறிங்குக்கு ஆயுள் உண்டு. வழமையாகப் பூட்டும் ஸ்பிறிங்குகள் 10,000 தரம் திறந்து மூடும் கணக்கில் செய்யப்பட்டவை. ஒரு நாளைக்கு நாலு தரம் திறந்து மூடினால் ஏழு வருடம் கூட வராது. வீடு பத்து, பன்னிரண்டு வருடப் பழசு, ஸ்பிறிங் மாற்றினார்களா என்று விற்றவருக்கே தெரியாது என்றால், ஓப்பனருக்கு ஒதுக்கிய காசில் ஒரு பகுதியை அதற்கு வையுங்கள். இரண்டு ஸ்பிறிங் இருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. ஊரில் எல்லா வேலையையும் கையால் செய்து பழகியவர்கள் நாங்கள். ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் நீங்களாகக் கழற்ற வேண்டாம். முறுக்கேறி நிற்கும் ஸ்பிறிங்கில் கை வைத்து விரலை இழந்தவர்கள் உண்டு.

கதவு சரி என்றால் மோட்டரைத் தெரிவுசெய்வது இலகு. ஒரு கார்க் கதவுக்கும், பெரும்பாலான இரண்டு கார்க் கதவுகளுக்கும் அரைக் குதிரைவலு தாராளம். பாரமான மரக்கதவு, அல்லது தடித்த இன்சுலேஷன் வைத்த 16 அடிக் கதவு என்றால் முக்கால் குதிரைவலு எடுங்கள். அதற்கு மேலே போகத் தேவைப்படும் வீடுகள் குறைவு. குதிரைவலுவைவிட நான் பார்க்கச் சொல்வது நேர்மின்னோட்ட (DC) மோட்டரா என்பதை. அது மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும், கதவு உலுக்குப்படாது, பற்றரியிலும் ஓடும்.

பிறகு, கதவை இழுப்பது சங்கிலியா பெல்ட்டா என்ற கேள்வி. அதற்குப் பதில் கராஜுக்கு மேலே யார் படுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பிராம்டன், மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்துப் புது வீடுகளில் கராஜுக்கு மேலே படுக்கையறை வருவது வழமை. சங்கிலி சைக்கிள் செயின் போலத்தான், உறுதியானது, விலை குறைவு, ஆனால் அது போடும் சத்தமும் அதிர்வும் முகட்டு மரத்தால் ஏறி மேலே போகும். பெல்ட் உள்ளே இழை வைத்து உரமாக்கிய ரப்பர். சத்தம் மிகக் குறைவு. இரவு வேலைக்குப் போய் வருகிறவர்கள் உள்ள வீட்டில், கைக்குழந்தை உள்ள வீட்டில், விலை வித்தியாசத்தைப் பாராமல் பெல்ட் வாங்குங்கள். நாங்கள் அன்றைக்குச் சங்கிலியைக் கழற்றிப் பெல்ட் பூட்டினோம். நான் விடிய வெளிக்கிடும்போது அம்மா இப்போது எழும்புவதில்லை. கராஜ் வீட்டோடு ஒட்டாமல் பின்வளவில் தனியாக நின்றால் சங்கிலியே போதும்.

இன்னொரு வகை, கதவின் பக்கச் சுவரில், ஸ்பிறிங் கம்பியின் நுனியோடு பூட்டுவது. முகட்டில் ஒன்றும் தொங்காது என்பதால் உயரமான கராஜில் மேலே தட்டு அடித்துச் சாமான் வைக்கலாம். கதவுக்கு மேலே கம்பியில் சுற்றும் ஸ்பிறிங் இருந்தால்தான் இது பொருந்தும். விலையும் கூட.

பலர் தவறவிடும் அளவு ஒன்று உண்டு. பெட்டியில் வரும் தண்டவாளம் பொதுவாக 7 அடி உயரக் கதவுக்கானது. புது வீடுகளில் 8 அடிக் கதவு நிறைய வருகிறது; அதற்கு நீட்டுத்துண்டு தனியாக வாங்க வேண்டும். அளவு நாடாவோடு கடைக்குப் போங்கள். கட்டிக் கொடுக்கும் நிறுவனங்கள் பல ஓப்பனர் பூட்டாமல், முகட்டில் ஒரு பிளக் மட்டும் வைத்துவிட்டுப் போகும். அந்தப் பிளக் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நீட்டுவயர் போட்டு ஓட்டக் கூடாது. வாடகைக்கு இருப்பவர்கள் இதில் ஒன்றையும் தொடாமல் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

இப்போது பிள்ளைகள் விஷயம். கதவின் இரண்டு பக்கமும், நிலத்திலிருந்து 6 அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில், சின்னதாக இரண்டு கண் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஓடும். மூடும் கதவின் கீழே ஒரு பிள்ளையோ நாயோ போனால் கதிர் தடைப்பட்டுக் கதவு திரும்ப மேலே போய்விடும். அமெரிக்காவில் பிள்ளைகள் கதவின் கீழ் நசுங்கி இறந்த பிறகு சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 தொடக்கம் செய்யும் ஓப்பனர்களுக்கு இப்படியொரு பாதுகாப்பு கட்டாயமாயிற்று. அந்த மோட்டர்கள்தான் இங்கேயும் விற்பனைக்கு வருகின்றன. பழைய வீடு வாங்கி, கதவடியில் அந்தக் கண்கள் இல்லாத மோட்டர் தொங்கினால், அது நன்றாக ஓடினாலும் கழற்றி எறியுங்கள்.

எங்கள் வீடுகளில் அந்தக் கண்ணுக்குப் பெரிய எதிரி அரிசிச் சாக்குத்தான். மலிவு விலையில் வாங்கிய சாக்குகளைக் கதவோரம் அடுக்குவோம், ஒன்று மெல்லச் சரிந்து கண்ணை மறைக்கும், அல்லது தட்டிக் கோணலாக்கும். கதவு பாதி வந்து திரும்பப் போகும், மோட்டரின் லைட் மின்னும். உடனே சிலர் சுவர்ப் பட்டனை விடாமல் அமத்திப் பிடித்துக் கதவை மூடுவார்கள். அப்படிப் பிடித்தால் கண் வேலை செய்யாமலே கதவு மூடும். ஒரு நாள் அவசரத்துக்குச் செய்வது பழக்கமாகிவிடுகிறது. சாக்கை நகர்த்துங்கள், கண்ணாடியைத் துணியால் துடையுங்கள், இரண்டு கண்ணிலும் சின்ன லைட் நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். அவ்வளவில் சரியாகிவிடும். மாதம் ஒரு முறை, ஒரு இரண்டுக்கு நாலு அங்குலப் பலகையைக் கதவின் கீழ் படுக்கப் போட்டு மூடிப் பாருங்கள். பலகையில் பட்டதும் கதவு மேலே திரும்ப வேண்டும். சுவர்ப் பட்டனை 5 அடிக்குக் குறையாத உயரத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை, பழைய றிமோட்டுகள் எல்லாவற்றையும் அழிப்பது. முன்னிருந்தவர் எத்தனை றிமோட் வைத்திருந்தார், யாருக்குக் கதவு திறக்கும் இலக்கம் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. லிஃப்ட்மாஸ்டர், சேம்பர்லெயின் மோட்டர்களில் பெட்டியின் பின்பக்கம் ‘லேர்ன்’ பட்டன் இருக்கும். அதைச் சுமார் 6 விநாடி, பக்கத்து லைட் அணையும் வரை அமத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்துவிடும். பிறகு உங்களுடையதை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மோட்டருக்குள் சின்னச் சின்னச் சுவிட்சுகளைத் தட்டி இலக்கம் வைக்கும் மிகப் பழைய வகை என்றால் மாற்றிவிடுங்கள். அதன் றிமோட் அனுப்பும் குறி எப்போதும் ஒன்றே என்பதால் திருடன் அதைப் பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பலாம். இப்போதைய மோட்டர்கள் ஒவ்வொரு அமத்தலுக்கும் குறியை மாற்றிக்கொள்ளும். காரை டிரைவ்வேயில் விடுகிறவர்கள் றிமோட்டைக் கார்க் கண்ணாடிக்கு மேலே கொளுவிவிட்டு வராதீர்கள். காரை உடைக்கிறவனுக்கு அது வீட்டுச் சாவி. வெளியில் பூட்டும் இலக்கப் பலகைக்கு வீட்டு இலக்கமும் பிறந்த ஆண்டும் வேண்டாம்.

பற்றரி தேவையா என்று கேட்டால், 2013 டிசம்பரை நினைக்கிறேன். நத்தாருக்கு முதல் பெய்த உறைமழையில் ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 இலட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. சில தெருக்களில் நாட்கணக்காக வரவில்லை. வீட்டுக்குள்ளால் கராஜுக்குப் போக வழி இருந்தால் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் திறக்கலாம். வயதானவர்கள் தனியே இருக்கும் வீட்டுக்குப் பற்றரி உள்ளதை வாங்குங்கள். தனியாக நிற்கும் கராஜுக்கு வேறு கதவே இல்லை என்றால், வெளியிலிருந்து சாவி போட்டுக் கயிற்றை இழுக்கும் பூட்டு ஒன்று கட்டாயம் வேண்டும்.

கதவைத் திறந்து வைத்தாலும் கராஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடாக்க வேண்டாம். கார்ப் புகையில் வரும் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கராஜ் ஒட்டிய வீட்டில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அதற்கான அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ மாகாணத்தில் 2014 தொடக்கம் சட்டம். கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி பூட்டியிருப்பதும் இதற்காகவே. மீன் பொரிக்கக் கராஜில் அடுப்பு வைத்திருக்கும் வீடுகளில், சட்டியோடு போய்வர வசதியாக அந்தக் கதவுக்குச் செருப்பை அடை கொடுத்து வைக்கிறார்கள். செருப்பை எடுத்துவிடுங்கள்.

கடும் குளிரில் கதவின் அடி ரப்பர் நிலத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது பட்டனை அமத்திக்கொண்டு நிற்க வேண்டாம்; கயிற்றை இழுத்துவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் அடியை மெல்லக் கிளப்பி, கையால் தூக்குங்கள். சுடுதண்ணி ஊற்றினால் அது பத்து நிமிடத்தில் திரும்ப உறைந்துவிடும். பனி தொடங்க முதல், ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், அந்த ரப்பருக்கு சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கள், பிணைச்சலுக்கும் ஸ்பிறிங்குக்கும் கராஜ் கதவுக்கென்று விற்கும் எண்ணெயைப் போடுங்கள்.