ஏற்காட்டில் எடுத்து, சேலத்தில் திரையிட: முதல் குறும்படத்துக்கு ஒரு செய்முறை

முதலில் தியேட்டருக்குப் போங்கள். கதையை எழுதி முடிப்பதற்கு முன்பே போங்கள். குறும்பட ஆசையோடு என்னிடம் வரும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் "எந்தக் கேமரா வாங்கலாம் அண்ணா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எந்தத் திரையில் காட்டப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். அது தெரிந்துவிட்டால் கேமரா, ஒலி, செலவு, நாள் கணக்கு எல்லாம் வரிசைக்கு வந்துவிடும். 15 நிமிடப் படம் ஒன்றை ஏற்காட்டில் எடுத்து, சேலத்தில் ஒரு தியேட்டரில் காட்டுவதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

படி 1: மேனேஜர், ஆபரேட்டர்

பெரிய படங்கள் ஏரியா ஏரியாவாக விற்கப்படுகின்றன. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் சேர்ந்ததுதான் வியாபாரத்தில் 'சேலம் ஏரியா'. விநியோகஸ்தர் மொத்த விலை கொடுத்து வாங்கினால் அவுட்ரேட். குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம் கொடுத்து வாங்கினால் எம்ஜி. கமிஷனுக்கு ஓட்டித் தருவதும் உண்டு. இப்படிப் பணம் போட்டவர்கள் வெள்ளி முதல் ஞாயிறு வரை ஒரு காட்சியைக்கூட விட்டுத்தர மாட்டார்கள், அது நியாயம்தான். ஆகவே வார நாளில், வழக்கமான காட்சிகள் தொடங்கும் முன் உள்ள காலை நேரத்தை வாடகைக்குக் கேளுங்கள்.

மேனேஜரிடம் வாடகை பேசியதும் ஆபரேட்டரைப் பாருங்கள். எனக்கு அவர்தான் முக்கியமானவர். படம் ஓட்டும் டிஜிட்டல் முறை 'கியூப்' (Qube) நிறுவனத்துடையதா, 'யூஎஃப்ஓ' (UFO) நிறுவனத்துடையதா? வெளியிலிருந்து கொண்டுவரும் டிசிபியை, அதாவது தியேட்டருக்கான படக் கோப்புத் தொகுப்பை, ஏற்றுவார்களா? வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) எந்த ஃபார்மட்டில் இருக்க வேண்டும்? முந்தின நாள் 10 நிமிடம் ஓட்டிப் பார்க்க விடுவார்களா? பதில்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: எடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

தியேட்டருக்கு வினாடிக்கு 24 பிரேம். கேமராவில் 30 வைத்து எடுத்துவிட்டுப் பிறகு மாற்றினால் நடப்பவர் குதிப்பது போலத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/50 வினாடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் துடிப்பு படத்தில் விழாது. திரை வடிவம் இரண்டு: ஃபிளாட் 1998×1080 பிக்சல், அதைவிட அகலமான ஸ்கோப் 2048×858 பிக்சல். மலைச்சரிவை அகலமாகக் காட்ட ஸ்கோப் அழகு. ஆனால் முதல் படத்தில் இரண்டு பேர் பேசும் காட்சிகள்தான் அதிகம் இருக்கும், அதற்கு ஃபிளாட் போதும்.

பணம் குறைவாக இருந்தால் கேமராவில் குறையுங்கள், மைக்கில் குறைக்காதீர்கள். இருக்கிற போனிலேயே எடுத்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் ஐந்தாவது நிமிடத்தில் பக்கத்து சீட்டுக்காரரோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 3: மலையில் படப்பிடிப்பு

ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய நிறுவனம். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் இங்கே தயாராகி வெளிவந்தது. நூறு படங்களுக்கு மேல் எடுத்த அந்த இடத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது நேர ஒழுங்கு. அந்த ஒழுங்கை உங்கள் நான்கு பேர் குழுவும் கடைப்பிடிக்கலாம். எந்தக் காட்சி, எத்தனை மணிக்கு, யார் யார், என்ன உடை, என்ன பொருள் என்று ஒரே தாளில் எழுதி, முந்தின இரவே எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

காபி எஸ்டேட் தனியார் சொத்து, உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காட்டுப் பகுதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். பொது இடத்தில் எடுப்பதாக இருந்தால் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று போலீஸ் நிலையத்திலும் முன்கூட்டியே விசாரியுங்கள். ஆடோ நாயோ நடிக்கிறது என்றால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியும் முன்பே தேவை. கடைசி நேரத்தில் சான்றிதழுக்குப் போகும்போது பலர் மாட்டிக்கொள்வது இதில்தான்.

20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறீர்கள். மறந்துவிட்ட பேட்டரிக்காக ஒருவர் இறங்கி ஏறினால் அரை நாள் போச்சு. மூடுபனி சொல்லிவிட்டு வராது. ஒரு ஷாட்டில் பனி, அடுத்த ஷாட்டில் பளீரென்று வெயில் என்றால் இரண்டும் ஒட்டாது. எனவே அகலமான ஷாட்டுகளை ஒரே மூச்சில் எடுத்துவிட்டு, முகங்களை அப்புறம் மரத்தடி நிழலில் எடுங்கள். விடியற்காலைக் குளிரில் இருந்த கேமராவை அடுப்பு எரியும் வீட்டுக்குள் நேராகக் கொண்டுபோனால் லென்ஸில் ஈரம் படியும். பைக்குள் மூடியே வைத்து, வீட்டுச் சூட்டுக்கு அது பழகிய பிறகு திறவுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். சில்வர் ஓக் மரங்களில் காற்று, சில்வண்டு, தூரத்தில் பஸ் ஹார்ன். எடிட்டிங்கில் வசனத்துக்கு வசனம் உள்ள இடைவெளியை இதுதான் நிரப்பும்.

படி 4: எடிட்டிங், ஒலிக்கலவை

எடிட்டிங்கைப் பற்றி நிறையப் பேர் சொல்லித் தருகிறார்கள், நான் ஒலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் முதல் படத்தை வீட்டில் ஹெட்போனில் கேட்டே முடித்தேன். தியேட்டரில் ஓட்டியபோது திரையில் அம்மா நடுவில் நிற்கிறார், குரல் இடது பக்கச் சுவரோரம் உட்கார்ந்தவர்களுக்கு அங்கிருந்தே வருகிறது. காரணம் எளிது. தியேட்டரில் திரைக்குப் பின்னால் நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு, வசனம் அதில்தான் வர வேண்டும். நான் கொடுத்தது இடது, வலது மட்டும் உள்ள ஸ்டீரியோ. நடு, பக்கம், பின்புறம் என ஒலியைத் தனித்தனிச் சேனல்களாகப் பிரிக்கும் 5.1 கலவை செய்து வசனத்தை நடுச் சேனலில் வையுங்கள். வாய்ப்பிருந்தால் ஒருமுறையாவது பெரிய அறையில் ஓட்டிக் கேளுங்கள்.

சினிமாப் பாட்டை எடுத்துப் போடாதீர்கள், அதற்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் நாதஸ்வரமோ கீபோர்டோ வாசிப்பவரிடம் கேளுங்கள்.

படி 5: சான்றிதழ்

பொதுமக்களுக்குத் திரையிடும் படத்துக்கு, குறும்படமே ஆனாலும், 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் தேவை. விண்ணப்பம் இணையவழி, நமக்கு மண்டல அலுவலகம் சென்னை. யு, யுஏ, ஏ என்ற பிரிவுகள் தெரிந்தவைதான். 2024 முதல் யுஏ என்பது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. சான்றிதழ் கையில் வரும் வரை போஸ்டரில் தேதி அச்சடிக்க வேண்டாம். வாங்கிய பிறகு ஒரு ஷாட்டைக்கூட மாற்றவும் வேண்டாம்.

படி 6: டிசிபி

தியேட்டர் சர்வருக்குக் கொடுக்கும் கோப்புத் தொகுப்புதான் டிசிபி. டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்துவிடலாம். பிட்ரேட்டின் (ஒரு வினாடிப் படத்துக்கான தரவின் அளவு) உச்சவரம்பு வினாடிக்கு 250 மெகாபிட். அப்படியே வைத்தாலும் 15 நிமிடப் படம் ஏறக்குறைய 28 ஜிபிதான் வரும். என்கிரிப்ஷன் என்ற பூட்டைப் போடாதீர்கள். போட்டால் அந்தத் திரைக்கென்றே கேடிஎம் என்ற சாவி வாங்க வேண்டும், நேரம் தாண்டினால் அது திறக்காது. முதல் படத்துக்கு அந்த வம்பு தேவையில்லை. இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்து, ஆபரேட்டர் சொன்ன நாளில் போய் ஓட்டிப் பாருங்கள். ஒலி அளவையும் அவர் முன்னாலேயே முடிவு செய்யுங்கள்.

படி 7: ஊருக்குச் சொல்வது

30 வினாடி டிரெய்லரை நிமிர்ந்த வடிவத்தில் வெட்டுங்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அதுதான் சரி. தேதி, நேரம், தியேட்டர் பெயர் முதலிலும் வர வேண்டும், கடைசியிலும் வர வேண்டும். போஸ்டரை அரசுச் சுவரில் ஒட்டுவது சட்டப்படி குற்றம். அதைவிட, மாலையில் கூட்டம் நிற்கும் தட்டுவடை செட் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். செட் தயாராகும் வரை நிற்பவர்களுக்குப் படிக்க வேறு எதுவும் இல்லை. ஐந்து ரோட்டில் 100 பேர் கடந்து போகும் பேனரைவிட, அம்மாபேட்டையில் ஒரு கடையில் 10 பேர் நின்று படிக்கும் தாள் அதிகம் பேரைக் கூட்டி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

படி 8: திரையிடும் நாள்

ஒரு மணி நேரம் முன்பே போய் முதல் நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். படம் ஓடும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் நில்லுங்கள். எங்கே செல்போன் வெளிச்சம் எழுகிறதோ அந்த இடத்தை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படத்துக்கு அந்தக் குறிப்பு உதவும்.

நடுவரிசையை எஸ்டேட்டில் உங்களோடு நடித்தவர்களுக்கும் சமைத்துப் போட்டவர்களுக்கும் ஒதுக்குங்கள். அவர்களை அழைத்து வரவும், மதியச் சாப்பாடு முடிந்து இருட்டுவதற்குள் மலையேற்றிவிடவும் வேனுக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள்.