துருவ நட்சத்திரம் தெரியாத மலைநாட்டில் தொலைநோக்கியின் மோட்டர் மவுண்டை நிறுத்தும் முறை

நுவரெலியாவின் அகலக்கோடு ஏறத்தாழ 7 பாகை. ஆகவே துருவ நட்சத்திரமும் நமக்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 7 பாகை உயரத்திலேயே நிற்கிறது. தோட்டத்து மைதானத்தில் நின்று வடக்கே பார்த்தால் அந்த உயரத்தை மலைமுகடு மறைக்கும். முகடு இல்லாத பக்கத்தைப் பனிமூட்டம் மறைக்கும். என் தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டோடு வந்த கையேடோ துருவ நட்சத்திரத்தைப் பார்ப்பதிலிருந்தே தொடங்கியது. அதைத் தேடியே பெப்ரவரியில் நான்கு தெளிந்த இரவுகளை இழந்தேன். அந்த நட்சத்திரத்தைப் பார்க்காமலே ஈக்குவட்டோரியல் மவுண்டை, அதாவது பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழல வேண்டிய மவுண்டை, சரியாக நிறுத்தலாம் என்பதைப் பின்னரே கற்றுக்கொண்டேன்.

முக்காலியைக் கெட்டியான தரையில் ஊன்றி, ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டமாக்குங்கள். தொலைநோக்கிக் குழாயையும் அதன் பாரத்தை ஈடுசெய்யும் எதிர்ப்பாரத்தையும் ஏற்றிச் சமநிலைப்படுத்திய பின், உயர அளவுகோலை 7 பாகைக்கு இறக்குங்கள். உயரத் திருகாணியைத் திருப்பும்போது மற்றொருவர் குழாயின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் திருகாணி வளைந்துவிடலாம். அச்சை வடக்கே திருப்பத் திசைகாட்டியைப் பார்ப்பவர்கள் எதிர்ப்பாரத்தையும் தகரக் கூரையையும் விட்டுச் சில அடி தள்ளி நின்று பாருங்கள், ஏனெனில் இரும்பு முள்ளை இழுத்துவிடும்.

மின்சாரத்துக்கு நான் விரும்புவது யூ.பி.எஸ். கருவிகளில் வரும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி மூடிய பற்றரி. குளிரில் பற்றரி சோர்ந்து மின்னழுத்தம் இறங்கினால் மோட்டர் திக்கித் திக்கி ஓடும் என்பதால், அதை ரிஜிபோம் பெட்டிக்குள் வைக்கிறேன்.

மவுண்டை இயக்கும் கை ரிமோட்டில் நேர வலயம் +5:30, கோடைகால நேரம் இல்லை. சில ரிமோட்டுகளில் திகதிக்கு முன் மாதத்தை இட வேண்டும். கைப்பேசி காட்டும் 6.97 என்ற அகலக்கோட்டை அப்படியே தட்டாதீர்கள். புள்ளிக்குப் பின் வருவதை 60ஆல் பெருக்கினால் 6 பாகை 58 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) கிடைக்கும்.

இனி, என்னைத் தடுக்கி விழவைத்த படி. மவுண்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இல்லாவிட்டால், மோட்டர் எவ்வளவு துல்லியமாக ஓடினாலும் நட்சத்திரம் வடக்கு அல்லது தெற்குப் பக்கம் மெல்ல நழுவும். அந்த நழுவலே நமக்கு வழிகாட்டி. மேற்கு–கிழக்கு அசைவைப் பொருட்படுத்த வேண்டாம். ஒளிரும் குறுக்குக்கம்பி உள்ள பார்வைத்துண்டு (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) இதற்கு மிகவும் ஏற்றது. வேறு ஒரு துணைக்கருவிக்குச் செலவிடும் முன் இதை வாங்குங்கள்.

பெப்ரவரி நடுவில் இரவு 8 மணியளவில் ஒரையன் (வேட்டைக்காரன்) நட்சத்திரக் கூட்டத்தின் இடைப்பட்டையான மூன்று நட்சத்திரங்களும் உச்சியை நெருங்கி நிற்கும். மூன்றில் மேற்கு ஓரத்து நட்சத்திரமான மின்டாகா வான மத்தியகோட்டின் (பூமத்தியரேகைக்கு நேர் மேலே வானில் செல்லும் கோட்டின்) மேலேயே இருப்பதால் அதைக் குறுக்குக்கம்பியில் வைத்து, மோட்டரை சைடீரியல் வேகத்தில் (நட்சத்திரங்கள் வானில் நகரும் வேகத்தில்) ஓடவிட்டு, ஐந்து நிமிடம் பாருங்கள். அச்சு ஒரு பாகை பக்கவாட்டில் விலகியிருந்தால் நட்சத்திரம் ஏறத்தாழ 78 விகலை (ஒரு கலைக்கு 60 விகலை) நகர்ந்திருக்கும். அது வியாழனின் வட்டைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம் என்பதால் கண்ணுக்குத் தப்பாது.

பார்வைத்துண்டில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். எனவே திசையை ஊகிக்காமல், குழாயின் முன்முனையை விரலால் வடக்குப் பக்கம் மெல்ல அழுத்துங்கள். அப்போது நட்சத்திரம் எந்தப் பக்கம் விலகுகிறதோ அதுவே தெற்கு. இதைச் செய்யாமல் நான் இரண்டு இரவுகள் திருகாணியைத் தவறான பக்கமே திருப்பினேன். நட்சத்திரம் தெற்கே நழுவினால் அச்சு அளவுக்கு மேல் கிழக்கே திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. பக்கவாட்டுத் திருகாணிகளை மட்டும் திருப்பி, நழுவல் அடங்கும்வரை திரும்பத் திரும்பப் பாருங்கள்.

பிறகு கிழக்கே தாழ்வாக நிற்கும் மகத்துக்குச் செல்லுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. இங்கே உயரத் திருகாணியை மட்டும் தொடுங்கள். பின்னர் மின்டாகாவுக்குத் திரும்பி இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

இது முடிந்தால் ரிமோட்டின் நட்சத்திரச் சீரமைப்பு (தெரிந்த நட்சத்திரங்களைக் காட்டி மவுண்டுக்கு வானத்தை அறிமுகம் செய்வது) எளிது. பட்டியலில் ரெகுலஸ் என்று வருவது நம் மகம். பெட்டல்ஜூஸ் திருவாதிரை, ஆல்டெபரான் ரோகிணி, ஸ்பைக்கா சித்திரை, கனோபஸ் அகத்தியர்.

பிற்சேர்க்கை: எதிர்ப்பாரத் தண்டு முக்காலியின் காலில் இடிப்பதாகப் பண்டாரவளையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அச்சு கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருப்பதால் நம் பகுதியில் இது நேரக்கூடியதே. வடக்கு நோக்கிய காலைத் தெற்குப் பக்கம் திருப்பினால் தண்டு மற்ற இரு கால்களுக்கு இடையே சுழலும். அதற்கேற்பத் தலையின் அடியிலுள்ள முளையையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றிய பின் மோட்டரை இயக்காமல், பிடியைத் தளர்த்தி, பகல் வெளிச்சத்திலேயே மவுண்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, தண்டோ குழாயோ எங்கேனும் தொடுகிறதா என்று பாருங்கள். அப்போது குழாயின் மூடி போட்டபடியே இருக்கட்டும். குழாய் சூரியன் இருக்கும் பக்கத்தையும் கடந்து செல்லும்.