மிஸ்ட்ரி ஷாப்பிங் போறீங்களா? நோட்டு பேனா எடுக்காம எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கற வழி

மிஸ்ட்ரி ஷாப்பிங்னா, ஒரு கம்பெனி சொல்ற கடைக்கோ ஹோட்டலுக்கோ சாதாரண கஸ்டமர் மாதிரி போய், அங்க எல்லாம் எப்படி நடக்குதுன்னு கவனிச்சுட்டு வந்து, அந்த கம்பெனியோட கேள்வி ஃபார்ம்ல ரிப்போர்ட் குடுக்கற வேலை. இதுக்கு புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "ஃபார்ம்ல இவ்ளோ கேள்வி இருக்கே, சர்வர் முன்னாடி உக்காந்துக்கிட்டு எதையும் எழுதாம எப்படிங்க ஞாபகம் வெச்சுக்கறது"ங்கறதுதான். மொத்தத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல. பாதி பதில் பில்லுலயே இருக்கு, கால்வாசி உங்க ஃபோன்ல தானா பதிவாகிடும், மிச்சம் இருக்கறத மட்டும் மண்டையில வெச்சா போதும். ஒரு வெஜ் ஹோட்டல்ல உக்காந்து சாப்பிடற அசைன்மென்ட்ட எடுத்துக்கிட்டு வரிசையா சொல்றேன்.

(அதுக்கு முன்னாடி ஒண்ணு, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்கன்னு யாராவது காசு கேட்டா அந்தப் பக்கமே போகாதீங்க, வேலை குடுக்கறவங்கதான் நமக்கு காசு தரணும்.)

ஸ்டெப் 1: முந்தின நாள் ராத்திரி ஃபார்ம நடக்கற வரிசைக்கு மாத்துங்க

கம்பெனி அனுப்பற ஃபார்ம் அவங்க வசதிக்கு போட்டது, சுத்தம்னு ஒரு பகுதி, ஸ்டாஃப்னு ஒரு பகுதி, சாப்பாடுன்னு ஒரு பகுதின்னு இருக்கும், ஆனா நீங்க அந்த வரிசையில நடக்கப் போறதில்ல. அதனால ஒரு பேப்பர்ல உங்க வரிசைய எழுதுங்க: போர்டு லைட்டு, பார்க்கிங், செக்யூரிட்டி, வாசக்கதவு, டேபிள், தண்ணி, ஆர்டர், சாப்பாடு, வாஷ் பேசின், டாய்லெட், பில், வெளிய. ஒவ்வொரு இடத்துலயும் அந்த இடத்துக்கான கேள்விய மாட்டி விடுங்க. அப்புறம் கண்ண மூடி ஒரு தடவ அந்த ஹோட்டலுக்குள்ள நடந்து பாருங்க. நாளைக்கு அந்த இடத்துக்கு போய் நின்னதும் கேள்வி தானா ஞாபகம் வரும்.

நம்ம ஊர்ல அவதானம்னு ஒரு கலையே இருந்துச்சு, முதுகுல விழற கல்லையும் எண்ணணும், அடிக்கற மணியையும் எண்ணணும், நடுவுல கேக்கறவங்களுக்கு வெண்பாவும் பாடணும். செய்குத்தம்பி பாவலர் 1907ல சென்னை விக்டோரியா ஹால்ல நூறு விஷயத்த ஒரே நேரத்துல கவனிச்சு காட்டி சதாவதானின்னு பேர் வாங்கினார். நமக்கு அவ்ளோ வேண்டாம், ஒரு நேரத்துல மூணு நாலு விஷயம் போதும், ஆனா இது பழக்கத்துல வர்ற திறமைதான்ங்கறத நம்புங்க.

ஸ்டெப் 2: நேரத்த ஃபோன்கிட்ட விட்டுடுங்க

ரொம்ப பேர் சறுக்கறது இங்கதான், ஏன்னா "உக்காந்ததுல இருந்து எத்தன நிமிஷத்துல ஆர்டர் எடுத்தாங்க, எத்தன நிமிஷத்துல சாப்பாடு வந்துச்சு"ன்னு துல்லியமா கேப்பாங்க, சும்மா சும்மா வாட்ச் பாத்தா சர்வருக்கு உடனே சந்தேகம் வந்துடும். உள்ள நுழையும்போது வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, கால் லிஸ்ட்ல நேரம் நிக்கும். ஆர்டர் குடுத்ததும் வாட்ஸப்ல உங்களுக்கே "அம்மாக்கு பார்சல் வேணுமா"ன்னு ஒண்ணு அனுப்புங்க. தோசை வந்ததும் ஒரு ஃபோட்டோ, இப்பல்லாம் சாப்பாட்ட ஃபோட்டோ எடுக்காதவங்கதான் வித்தியாசமா தெரிவாங்க. கடைசியில ஜிபே பண்ணா அந்த நேரமும் பதிவாகிடும். நாலு நேரமும் கையில இருக்கு, நீங்க ஒரு தடவ கூட மணி பாக்கல.

ஸ்டெப் 3: பேரும், சொன்ன வார்த்தையும்

பேட்ஜ உத்துப் பாக்காதீங்க. இலை போடறப்பவோ தண்ணி ஊத்தறப்பவோ அவங்க குனிவாங்க, அப்ப பேட்ஜ் உங்க கண்ணுக்கு நேரா வரும். பேர பாத்ததும் உங்களுக்கு தெரிஞ்ச அதே பேர்காரர் ஒருத்தர நினைச்சுக்கோங்க, சித்தப்பா பையனோ ஸ்கூல் ஃப்ரெண்டோ யாரோ ஒருத்தர். பேட்ஜ் இல்லன்னா உயரம், கண்ணாடி, மீசை, விபூதின்னு கண்ணுல பட்ட மூணு அடையாளம் போதும்.

சொன்ன வார்த்தைய அப்படியே பிடிக்கறதுதான் இந்த வேலையில ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கறேன். "வேற ஏதாவது வேணுமா சார்"னு கேக்கறதும் "இன்னைக்கு அசோகா சூடா இருக்கு சார், ஒரு கப் கொண்டு வரட்டுமா"ன்னு கேக்கறதும் ரிப்போர்ட்ல வேற வேற மார்க். காதுல விழுந்ததும் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட "அசோகா சூடா இருக்காம்ல"ன்னு திருப்பி சொல்லுங்க, தனியா போயிருந்தா மனசுக்குள்ள ஒரு தடவ சொல்லிக்கோங்க, நம்ம வாயால சொன்னது சீக்கிரம் மறக்காது.

பெட்ரோல் பங்க் அசைன்மென்ட்னா இது இன்னும் வேகம். வண்டி நின்னதும் "ஜீரோ பாத்துக்கோங்க"ன்னு சொன்னாங்களா, சும்மா கைய மட்டும் காட்டினாங்களா, பில் கேக்காமலே குடுத்தாங்களா, இந்த மூணையும் பிடிச்சுக்கோங்க, காத்து அடிக்கற இடத்த வெளிய வர்றப்ப பாத்துக்கலாம்.

ஸ்டெப் 4: நடுவுல ஒரு தடவ டாய்லெட்

அதையும் எப்படியும் செக் பண்ணணும், அங்க கதவ சாத்திட்டு ஃபோன்ல நாலு வார்த்தை தட்டிடுங்க. ஒரு தடவதான். மூணு தடவ எழுந்து போனா வேற மாதிரி நினைப்பாங்க.

ஸ்டெப் 5: வெளிய வந்ததும்

வாசல்லயே நின்னு எழுதாதீங்க, செக்யூரிட்டி பாத்துட்டே இருப்பார். தெரு முனை திரும்பி ஒரு பஸ் ஸ்டாப்லயோ டீக்கடையிலயோ நின்னு, ஃபோன காதுல வெச்சுக்கிட்டு யார்கிட்டயோ பேசற மாதிரி வாய்ஸ் நோட் போடுங்க, போர்டு லைட்டுல ஆரம்பிச்சு பில் வரைக்கும் நடந்த வரிசையிலயே. வீட்டுக்கு போய் பாத்துக்கலாம்னு மட்டும் விடாதீங்க, டிராஃபிக்ல ஒரு மணி நேரம் போனா தண்ணி கேக்காம வெச்சாங்களா கேட்டு வாங்கினோமாங்கறதே குழம்பிடும். பில்லையும் அங்கயே ஃபோட்டோ எடுங்க, அந்த தெர்மல் பேப்பர் எழுத்து சீக்கிரம் மங்கிடும், பில் இல்லன்னா சாப்பிட்ட காசு திரும்ப வராது. டேபிள் நம்பர், நிறைய இடத்துல சர்வர் பேர் கூட அதுலயே இருக்கும்.

உள்ள நடக்கற பேச்ச ரெக்கார்ட் பண்ணலாமான்னு கேப்பீங்க, கம்பெனி எழுத்துல சொல்லாம பண்ணவே பண்ணாதீங்க.

ஏதாவது ஒரு கேள்விக்கு பதில் நிஜமாவே ஞாபகம் வரலன்னா "கவனிக்கல"ன்னு போடுங்க, இல்ல அனுப்பினவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டு கேளுங்க. இருக்கும்னு நினைச்சு டிக் போடாதீங்க. அந்த ஒரு டிக்க வெச்சு ஒரு சர்வர் பையனுக்கு இன்சென்டிவ் போகலாம், மேனேஜர்கிட்ட திட்டு விழலாம், அவன் நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பாக்கறவன்.

ரிப்போர்ட்ட அன்னைக்கு ராத்திரியே அனுப்பிடுங்க. அனுப்பினதும் வாய்ஸ் நோட்ட அழிச்சிடாதீங்க, ரிப்போர்ட்ட படிச்சு பாக்கறவங்க ரெண்டு நாள் கழிச்சு கூட கூப்பிட்டு சந்தேகம் கேப்பாங்க, காசு அக்கவுண்ட்ல ஏறற வரைக்கும் பில்லும் அதுவும் பத்திரமா இருக்கட்டும்.