தோள் முடிச்சுக்கு ட்ரை நீட்லிங்: போகும் முன்னும் வந்த பின்னும்

கோலாலம்பூர் நெரிசலில் தினமும் ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்களுக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கல் மாதிரி ஒரு முடிச்சு விழும். அழுத்தினால் வலி தலைக்கு ஏறும். அந்த முடிச்சுக்குள் மருந்தில்லாத மெல்லிய ஊசியை இறக்குவதுதான் ட்ரை நீட்லிங்.

ஊசி போடும் பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) முறைப்படி பதிவு பெற்றவரா, இந்த ஊசிக்கெனத் தனிப் பயிற்சி எடுத்தவரா என்று கேளுங்கள், கூச்சமே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெறும் வயிற்றோடு போனால் தலை சுற்றும். உட்கார்ந்தபடி அல்ல, படுத்தே போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி ஏறக்குறைய 0.25 முதல் 0.30 மி.மீ. தடிமன். உங்கள் கண்முன்னே உறை பிரித்த புது ஊசியாக இருக்கட்டும். தோளில் போடும்போது தசையை விரல்களால் கிள்ளித் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் நுரையீரலின் உச்சி அங்கிருந்து வெகு தூரமில்லை. சரியான இடத்தில் பட்டால் தசை சட்டென்று ஒருமுறை துடிக்கும், பயப்பட வேண்டாம். ஷாக் அடித்தது போல் கைக்கு வலி ஓடினால் உடனே சொல்லுங்கள், நரம்பைத் தொட்டிருக்கலாம்.

ஓரிரு நாள் அடிபட்டது போல வலிக்கும், சிலருக்குக் கன்றிப்போகும். வெந்நீர் ஒத்தடம் போதும். பிசியோ சொல்லித்தரும் பயிற்சியை விட்டால் முடிச்சு திரும்பி வரும்.

மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ, சில மணி நேரம் கழித்தென்றாலும், காத்திருக்காமல் மலேசிய அவசர எண்ணான 999ஐ அழையுங்கள்.