சித்தப்பாவின் போன் தமிழ் பேசிய கதை

கும்பகோணம் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு வெற்றிலை வியாபாரம். சர்க்கரையால் பார்வை போய்விட்டது. வெற்றிலைக் கட்டை, அதாவது கவுளியை, விரலாலேயே எண்ணிவிடுவார், ரூபாய் நோட்டில்தான் ஏமாந்தார். புது 100 ரூபாய் நோட்டின் நீளம் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146. அகலம் இரண்டுக்கும் 66தான். நாலு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு சந்தைக் கூட்டத்தில் என்ன செய்வது? தடவிப் பார்க்க ஓரத்தில் கோடுகள் உண்டு. கசங்கிய நோட்டில் அவை தேய்ந்து போயிருக்கும்.

அவருடைய ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியை ஆன் செய்தேன். ஆங்கிலத்தை வாசித்தது, தமிழ் வந்தால் ஊமை. "என்னடா, இது வெள்ளைக்காரன் போனா?" என்றார். அரை நாள் மண்டை காய்ந்த பிறகுதான் புரிந்தது: கோளாறு டாக்பேக்கில் இல்லை, குரலில். செட்டிங்ஸில் எழுத்தைப் பேச்சாக்கும் டெக்ஸ்ட் டு ஸ்பீச் பகுதிக்குப் போய், கூகுள் எஞ்சினில் தமிழ்க் குரலை இறக்கி, மொழியையும் தமிழாக மாற்றினேன். பேசிவிட்டது. கொஞ்சம் இயந்திரத் தமிழ்தான், ழகரம் மட்டும் என்னைவிட சுத்தம்.

ஒன்று சொல்ல மறந்தேன். டாக்பேக் ஓடும்போது ஒரு முறை தொட்டால் வாசிக்கும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல் நான் போனையே குறை சொன்னேன்.

அப்புறம் ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட 'மணி' செயலி. கேமரா முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இணையம் வேண்டாம். நல்ல நோட்டா, கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

போன வாரம் ஒருவர் 100 ரூபாயை நீட்டி 200 என்றாராம். சித்தப்பா பேசாமல் போனை எடுத்திருக்கிறார்.