மனக்கசப்பை வேரோடு களைவது எப்படி?

மனக்கசப்பு முதலில் பேச்சில்தான் வெளிப்படுகிறது. ஒருவருடைய பெயரைக் கேட்டதும் நம் குரல் மாறும்; அவரை யாராவது பாராட்டினால் 'ஆனால்' என்று தொடங்கி ஒரு குறையைச் சேர்க்காமல் இருக்க முடியாது; சம்பந்தமே இல்லாத உரையாடல்கூடச் சுற்றிவந்து அவரிடமே முடியும். "எனக்கு அவர்மேல் கோபமெல்லாம் இல்லை" என்று நாம் மெய்யாகவே நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தாலும், நம் நாவு வேறு சாட்சி சொல்லிவிடும். "இருதயத்தின் நிறைவினால் வாய் பேசும்" (மத்தேயு 12:34) என்று இயேசு சொன்னதும் இதைத்தான். எனவே நாவை மட்டும் அடக்கிக் கசப்பைத் தீர்க்க முயலுகிறவர்கள் சில நாட்கள் மௌனமாக இருந்துவிட்டு, பிறகு முன்னிலும் கடுமையாகக் குத்திப் பேசிவிடுகிறார்கள். இருதயத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலாவது, கசப்பைக் கசப்பு என்றே தேவனிடத்தில் ஒத்துக்கொள்ளுங்கள். விசுவாசிக்குக் கசப்பு இருக்கக்கூடாது என்கிற எண்ணமே பலரை அதை மறைத்து வைக்கச் செய்கிறது. ஆனால் வேதாகமம் அதை மறைக்கவில்லை. கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பிய நகோமி, இனி என்னை 'மாராள்', அதாவது கசப்பானவள், என்று அழையுங்கள் என்று ஊராரிடம் வெளிப்படையாகச் சொன்னாள். பிள்ளையில்லாத அன்னாளும் மனங்கசந்து அழுதாள். தன்னை ஆண்டுதோறும் துக்கப்படுத்திய சக்களத்தி பெனின்னாளுக்கு அவள் எதிர்வார்த்தை பேசியதாக ஓர் இடத்திலும் எழுதப்படவில்லை. அவள் தன் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றினாள். பிள்ளை பிறப்பதற்கு வெகு முன்பே, அந்த ஜெபத்துக்குப் பின், அவள் முகம் துக்கமாயிருக்கவில்லை என்கிறது 1 சாமுவேல் முதலாம் அதிகாரம். அவளுடைய சூழ்நிலை அப்படியே இருக்க, அவள் மட்டும் மாறியிருந்தாள் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

இதைச் செய்யத் தனிமையான ஒரு வேளையை ஒதுக்கி, நடந்தது என்ன, அதனால் நீங்கள் இழந்தது என்ன என்பதை ஒரு தாளில் எழுதி, அதையே ஜெபமாக வாசியுங்கள். 'எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்' என்று பொதுப்படச் சொல்வது பெரும்பாலும் நிலைப்பதில்லை. கடன் இவ்வளவு என்று தெரிந்தால்தான் அதைத் தள்ளுபடி செய்ய முடியும். மத்தேயு 18-ஆம் அதிகாரத்து உவமையில் இயேசு தொகைகளைக் குறிப்பிட்டே சொல்கிறார். ஒரு வேலைக்காரனுக்கு அவனுடைய உடன்வேலைக்காரன் கொடுக்க வேண்டியிருந்தது 100 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி என்பதால், அது மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. உங்கள் காயம் அற்பமானது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடனை விடாமல் கேட்ட வேலைக்காரனுக்கு ராஜா தள்ளிவிட்ட கடனோ 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாட்கூலிக்குச் சமம் என்றால், மொத்தம் ஆறு கோடி நாட்கூலி. எத்தனை ஆயுள் உழைத்தாலும் தீராது. உங்கள் தாளில் எழுதியதை இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்து, சிலுவையில் உங்களுக்குத் தள்ளப்பட்டது எவ்வளவு என்று சற்று நேரம் அமைதியாக யோசியுங்கள். அதன்பின் அந்தக் கடன்களை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி விட்டுக்கொடுங்கள்.

உணர்வு உடனே மாறாவிட்டால் கலங்க வேண்டாம். யூதர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததற்காக ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் அடைக்கப்பட்டு, தன் சகோதரி பெட்சியை அங்கேயே இழந்த கோரி டென் பூம், 1947-இல் மியூனிக்கில் அந்த முகாமின் முன்னாள் காவலர் ஒருவரை எதிர்கொண்டார். மன்னிப்பு கேட்டு நீட்டப்பட்ட அந்தக் கையைப் பற்ற அவரால் முடியவில்லை. உதவிக்காக உள்ளத்தில் ஜெபித்து, உணர்ச்சியே இல்லாமல் கையை நீட்டினார். அன்பு அதன் பிறகே வந்தது என்று அவரே சாட்சி சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மன்னிப்பது வேறு, மறுபடியும் நம்பி ஒப்புக்கொடுப்பது வேறு. யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட சகோதரரின் மனம் மாறியிருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த பின்பே தன்னை வெளிப்படுத்தினான். உங்களை அடிக்கிறவரோடு அல்லது வஞ்சிக்கிறவரோடு தொடர்ந்து இருக்க வேண்டும் என்றோ, குற்றத்தைச் சட்டத்தின் முன் கொண்டுபோகக் கூடாது என்றோ மன்னிப்பு உங்களைக் கட்டாயப்படுத்தாது. "பழிவாங்குதல் எனக்குரியது" (ரோமர் 12:19) என்கிற தேவனிடத்தில் பழியை ஒப்படைத்துவிட்டு, பாதுகாப்பான தூரத்தில் இருந்துகொண்டே மன்னிக்கலாம்.

பிறகு, நிந்திக்கிறவர்களுக்காக ஜெபிக்கச் சொன்ன கட்டளைக்கு (லூக்கா 6:28) நாள்தோறும் கீழ்ப்படியுங்கள். 'அவரைத் திருத்தும் ஆண்டவரே' என்பது பல நேரங்களில் ஜெபத்தின் உருவில் வரும் குற்றச்சாட்டுதான். அவருடைய உடல்நலத்துக்காகவும், பிள்ளைகளுக்காகவும், வேலைக்காகவும் கேளுங்கள். முதல் சில நாட்கள் வார்த்தைகள் தொண்டையில் நிற்கும், அப்போதும் நிறுத்தாதீர்கள்.

இப்போது நாவுக்கு வரலாம். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" (சங்கீதம் 141:3) என்ற ஜெபத்தோடு நாளைத் தொடங்குங்கள். அவரைப் பற்றிய பேச்சு எழுந்தால் மெய்யான ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுங்கள். சொல்ல ஒன்றும் கிடைக்காவிட்டால் பேச்சை மாற்றுங்கள். குறிப்பாக, ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒருவர் செய்த தவற்றை விவரமாகச் சபையாரிடம் பகிரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நானே இதைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். ஓர் உறவினரைக் குறித்து நான் ஜெபிக்கச் சொன்ன எவரும் அதன்பின் அவரை நல்ல கண்ணோடு பார்த்ததில்லை.

கசப்பான வேர் முளைத்தெழும்பி 'அநேகர்' தீட்டுப்படாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்று எபிரெயர் 12:15 சொல்வதன் பாரம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆகவே, உங்கள் கசப்பை யார் யாருடைய காதில் ஊற்றினீர்கள் என்று நினைவுகூர்ந்து, ஒவ்வொருவராகச் சந்தித்து, "அவரைக் குறித்து நான் உங்களிடம் பேசியது தவறு, என்னை மன்னியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் விளக்கத் தொடங்காதீர்கள். விளக்கத் தொடங்கினால் அந்தப் பழைய கதையையே மறுபடியும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.