இரண்டு செலரான், ஒரே போர்டு: 1999ஆம் ஆண்டு இரட்டை ப்ராசசர் கணினியைக் கட்டுவது எப்படி?

1999இல் ஏபிட் நிறுவனம் பிபி6 என்ற மதர்போர்டை வெளியிட்டது. அதற்கு முன்பு வீட்டில் இரண்டு ப்ராசசர் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் பென்டியம் இரண்டோ மூன்றோ ஒரு ஜோடி வாங்க வேண்டியிருந்தது. அது அலுவலக சர்வருக்குக் கொடுக்கிற விலை. மலிவான செலரானைத் தனியாக ஓடும் சிப்பாகத்தான் இன்டெல் விற்றது. ஆனால் ஜோடியாக ஓடும் திறன் அந்தச் சிப்புக்குள்ளேயே இருந்தது. ஸ்லாட் 1 என்ற அட்டை வடிவச் செலரானில் அதற்கான ஓர் இணைப்பு மட்டும் விடுபட்டிருந்தது. ஆர்வலர்கள் அந்த அட்டையில் நுண்ணிய துளை போட்டு, வயரைப் பற்றவைத்து, அந்த இணைப்பைத் தாங்களே கொடுத்தார்கள். பிபி6 வந்தபின் துளையும் வேண்டாம், வயரும் வேண்டாம். கடையில் வாங்கிய இரண்டு செலரானை அப்படியே செருகினால் போதும்.

பழைய கணினி கட்டிப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் இந்த போர்டைத்தான் சொல்வேன். ஜம்பர் (போர்டுப் பின்களை இணைக்கும் சின்ன மூடி) தொல்லை அதிகம் இல்லை, வேக அமைப்பெல்லாம் பயாஸிலேயே (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) உண்டு, உதிரிப் பாகங்களும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். இதில் திருப்புளி வேலை பாதிதான். இரண்டாவது ப்ராசசர் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்ப்பது மறுபாதி. எத்தனையோ பேர் அழகாகக் கட்டி முடித்துவிட்டு, ஒரு ப்ராசசர் சும்மா இருப்பது தெரியாமலே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் எங்கே தேடுவது?

சுங்கை ரோடு பழஞ்சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. இப்படிப்பட்ட பொருள்கள் தரையில் விரித்துக் கிடந்த இடம் அது. இன்றும் அந்தக் குறை தெரிகிறது. இப்போது முதலில் பார்க்க வேண்டியது கரோசல். 'பழைய கம்ப்யூட்டர், வேலை செய்யுமா தெரியாது' என்று போட்டிருக்கும் விளம்பரங்களை விடாதீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உள்ளே நல்ல சரக்கு இருக்கும். புளோக்குக்கு வரும் காராங் குனிக்காரரிடமும் சொல்லி வைக்கலாம். போர்டு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரும், ஆகவே விலையோடு கப்பல் கூலியையும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் கூட்டிப் பாருங்கள். கெப்பாசிட்டர், பற்றவைக்கும் ஈயம், தெர்மல் பேஸ்ட், மின்விசிறி போன்றவற்றுக்கு சிம் லிம் டவர் போதும். தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம்.

வேண்டியவை இவை:

- பிபி6 மதர்போர்டு
- ஒரே வேகத்தில் இரண்டு செலரான் (மெண்டோசினோ வகை, சாக்கெட் 370)
- இரண்டு ஹீட்சிங்க், விசிறியோடு
- பிசி100 எஸ்டிராம் 256 எம்பி அல்லது அதற்கு மேல்
- ஏஜிபி கிராஃபிக்ஸ் கார்டு (மேட்ராக்ஸ் ஜி400, ஜீஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் போன்றவை)
- ஐடிஇ ஹார்டு டிஸ்க், அல்லது காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டும் அதற்கான ஐடிஇ அடாப்டரும்
- சிடி டிரைவ், பவர் சப்ளை, பிஎஸ்/2 கீபோர்டு

படி 1: போர்டைப் பாருங்கள்

பணம் கொடுப்பதற்கு முன்பே, ப்ராசசர் சாக்கெட்டைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் காலத்து போர்டுகளை அதிகம் சாகடிப்பது இந்தச் சின்ன உருளைகள்தான். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். கெட்டதன் தலை லேசாக உப்பியிருக்கும், அல்லது அதில் கீறிய கோட்டின் வழியே பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருக்கும். விரல் நுனியால் தடவினால் உப்பல் தெரியும். அடிப்பக்கமும் பாருங்கள், சிலது மேலே ஒழுங்காக இருந்து கீழே கசியும்.

உப்பியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் லோ இஎஸ்ஆர் வகை என்று கடையில் கேளுங்கள். சாதாரண வகையைப் போட்டால் போர்டு தடுமாறும். எதிர்முனைக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பற்றவைத்துப் பழக்கம் இல்லையென்றால் உங்கள் முதல் போர்டில் கற்றுக்கொள்ள வேண்டாம். ப்ராசசர் பக்கம் இருப்பவை போர்டுக்குள் இருக்கும் அகலமான கிரவுண்ட் செப்புத் தகட்டோடு இணைந்தவை; அது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் ஈயம் சீக்கிரம் உருகாது. வலுவான சால்டரிங் அயர்ன் உள்ள நண்பரிடமோ பழுது பார்ப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள்.

படி 2: ஜோடி சேருங்கள்

மெண்டோசினோ செலரான் 300 முதல் 533 மெகாஹெர்ட்ஸ் வரை கிடைக்கிறது. எல்லாமே 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் (ப்ராசசரை நினைவகத்தோடு இணைக்கும் பாதை) ஓடுபவை, அந்த வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற பெருக்கி பூட்டப்பட்டவை. அதனால் 400ஐயும் 466ஐயும் கலக்க வேண்டாம். ப்ராசசரில் அச்சிட்டிருக்கும் எஸ்எல் என்று தொடங்கும் குறியீடு இரண்டிலும் ஒன்றாக இருந்தால் ஒரே தயாரிப்பு ரகம் என்று அர்த்தம். அதைத்தான் தேட வேண்டும்.

பின்னால் வந்த காப்பர்மைன் செலரானும் சாக்கெட் 370தான் என்பதால் சிலர் அதை வாங்கிவிடுகிறார்கள். அது ஜோடியாக ஓடாது. அடையாளம் சுலபம்: மெண்டோசினோவின் நடுவில் அகலமான உலோகத் தகடு இருக்கும். காப்பர்மைனில் நீலச் சாயலில் சின்னதாகச் சிலிக்கான் துண்டு வெளியே தெரியும்.

செருகும்போது லீவரை முழுதாகத் தூக்குங்கள். ப்ராசசரின் வெட்டுப்பட்ட மூலைகளைச் சாக்கெட்டின் மூலைகளோடு பொருத்தி வைத்தால் தானாக விழ வேண்டும். அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ ஒரு பின் வளைந்திருக்கிறது. பேஸ்ட் பட்டாணி அளவு போதும்.

ஆபத்து ஹீட்சிங்க் கிளிப்பில்தான். தட்டைத் திருப்புளியால் அழுத்தி மாட்டும்போது அது வழுக்கினால் நேராகப் போய் போர்டில் குத்தும். அங்கே தலைமுடி கனத்தில் செப்புக் கோடுகள் ஓடுகின்றன. ஒன்று அறுந்தாலும் போர்டு போச்சு. சாக்கெட்டுக்குப் பக்கத்தில் தடித்த அட்டையை மடித்து வைத்துவிட்டு அழுத்துங்கள். நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது.

படி 3: நினைவகம்

போர்டில் மூன்று இடம், மொத்தம் 768 எம்பி வரை போகலாம். நினைவகத்தைக் கையாள்வது போர்டில் உள்ள 440பிஎக்ஸ் சிப்செட்; அதற்கு 256 மெகாபிட் சில்லுகள் புரியாது. அதனால் எட்டே சில்லுகள் உள்ள 256 எம்பி அட்டையைப் போட்டால் பாதி மட்டும் தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சில்லுகள் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். விற்பவருக்கு இது தெரிந்திருக்காது, நீங்களே எண்ணிக்கொள்ள வேண்டும்.

படி 4: மின்சாரம்

பழைய பவர் சப்ளையின் பின்புறம் சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும். 115, 230 என்று இரண்டு நிலை. நம் ஊரில் 230 வோல்ட். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ பயன்பட்ட பெட்டியாக இருந்தால் சுவிட்ச் 115இல் நிற்கும். அப்படியே செருகினால் வெடிக்கும். வயரைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

புது பவர் சப்ளையும் பயன்படும், 24 முனை பிளக்கில் நான்கைக் கழற்றினால் 20 முனை. ஆனால் இந்தக் காலத்து போர்டு மின்சாரத்தைப் பெரும்பாலும் 5 வோல்ட் வழியே இழுக்கும். புதியவற்றில் பலம் எல்லாம் 12 வோல்ட்டில். பக்கவாட்டு லேபிளில் 5 வோல்ட்டுக்கு 20 ஆம்பியரோ அதற்கு மேலோ இருந்தால் நிம்மதி.

படி 5: கேசுக்கு வெளியே முதல் ஓட்டம்

பொறுமை இல்லாமல் கேசில் பூட்டிவிடாதீர்கள். போர்டை அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ராசசர், ஒரே ஒரு நினைவக அட்டை, கிராஃபிக்ஸ் கார்டு, இவ்வளவு மட்டும் போடுங்கள். பழைய நாணய பேட்டரியை எடுத்துவிட்டு புது சிஆர்2032 போடுங்கள், சிமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் இடம்) அழியுங்கள். இரண்டு விசிறியும் செருகியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். போர்டில் பவர் சுவிட்ச் வயரைச் செருகும் பின்கள் இரண்டையும் திருப்புளி நுனியால் ஒரு கணம் தொட்டால் ஓடத் தொடங்கும்.

திரை வராமல் நீண்ட பீப் திரும்பத் திரும்ப வந்தால் நினைவகம் சரியாக உட்காரவில்லை. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் கிராஃபிக்ஸ் கார்டு. இங்குள்ள ஈரக் காற்றில் பழைய அட்டைகளின் தங்க முனைகள் மங்கிப் போகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

படம் வந்தபின் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த நினைவக அட்டை வேண்டாம்.

படி 6: பயாஸ், டிஸ்க்

பயாஸில் வேகத்தை ப்ராசசரில் போட்டிருப்பதற்கே வையுங்கள். எம்பிஎஸ் (பல ப்ராசசர்களுக்கான இன்டெல் விதிமுறை) பதிப்பு என்ற வரியை 1.4 ஆக்குங்கள்.

366 செலரானின் பஸ்ஸை 66இலிருந்து 100க்கு ஏற்றி 550இல் ஓட்டுவது அந்தக் காலத்தில் பிரசித்தம். ஆசை வரும். ஆனால் இங்கே ஏர்கான் இல்லாத அறையில் காற்றே 30 டிகிரிக்கு மேல். முதலில் எல்லாம் நிலையாக ஓடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போர்டில் டிஸ்க் செருகும் ஐடிஇ இணைப்புகள் நான்கு உண்டு. முதல் இரண்டும் சிப்செட்டுடையவை, மற்ற இரண்டும் எச்பிடி366 என்ற தனிச் சிப்புடையவை. பின்னவை வேகமானவைதான், ஆனால் விண்டோஸ் போடும்போதே டிரைவர் கேட்கும். முதல் கணினிக்கு ஐடிஇ 1 போதும். டிஸ்க்கோ ஃபிளாஷ் கார்டோ 32 ஜிபிக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் அந்தக் காலத்து பயாஸ் பல நேரம் உறைந்துபோகும்.

படி 7: விண்டோஸ் 2000

விண்டோஸ் 98 ஒரு ப்ராசசரை மட்டுமே பார்க்கும். எத்தனை செருகினாலும் அதற்கு ஒன்றுதான். விண்டோஸ் என்டி 4, விண்டோஸ் 2000, எக்ஸ்பி புரொஃபஷனல், லினக்ஸ், பீஓஎஸ் (BeOS) ஆகியவை இரண்டையும் பயன்படுத்தும். எக்ஸ்பி ஹோம் உதவாது. தொடங்குபவர்களுக்கு விண்டோஸ் 2000 புரொஃபஷனல்தான் பொருத்தம் என்பது என் முடிவு.

சிடியிலிருந்து தொடங்கியதும் நீலத் திரையின் அடியில், வேறு டிரைவர் இருந்தால் எஃப்6 அழுத்தும்படி ஒரு வரி வரும். அந்த நேரத்தில் எஃப்5 அழுத்துங்கள். எந்த வகைக் கணினி என்று கேட்டுப் பட்டியல் வரும். அதில் சில வரிகள்தான் தெரியும், மேல் அம்புக்குறியால் நகர்த்தினால் மற்றவையும் வரும். 'ஏசிபிஐ மல்ட்டிப்ராசசர் பிசி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவுவது பாதியில் நின்றுபோனால், மறுபடி தொடங்கி 'எம்பிஎஸ் மல்ட்டிப்ராசசர் பிசி' போடுங்கள். எம்பிஎஸ்ஸில் ஷட்டவுன் செய்தாலும் பெட்டி தானாக அணையாது, கையால் அணைக்க வேண்டும். பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

பிறகு சர்வீஸ் பேக் 4, இன்டெல் சிப்செட் டிரைவர், கிராஃபிக்ஸ் டிரைவர் என்ற வரிசையில் போடுங்கள். எல்லாவற்றையும் சிடியில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இணையத்தில் இணைக்க வேண்டாம். 2010 ஜூலைக்குப் பிறகு விண்டோஸ் 2000க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை.

படி 8: இரண்டாவது ப்ராசசரைச் சோதியுங்கள்

டிவைஸ் மேனேஜரில் 'கம்ப்யூட்டர்' என்ற கிளையைத் திறந்தால் மல்ட்டிப்ராசசர் என்று இருக்க வேண்டும். 'ஸ்டாண்டர்டு பிசி' என்று இருந்தால் படி 7க்குத் திரும்புங்கள். அங்கேயே மாற்ற முயல்வதைவிட மறுபடி நிறுவுவது பத்திரம்.

அடுத்தது டாஸ்க் மேனேஜர். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் தெரியும். இப்போது லேம் போன்ற ஓர் எம்பி3 மாற்றியில் ஒரே ஒரு பாட்டைப் போடுங்கள். மொத்தப் பயன்பாடு 50 விழுக்காட்டில் நிற்கும், ஏனென்றால் அந்த நிரலால் ஒரு நேரத்தில் ஒரு ப்ராசசரைத்தான் பயன்படுத்த முடியும். ஆனால் கோடு இரண்டு கட்டத்திலும் பாதிப் பாதியாக ஏறுவதைப் பார்ப்பீர்கள். விண்டோஸ் அந்த வேலையை இங்கும் அங்கும் மாற்றி மாற்றி உட்கார வைக்கிறது. பிராசசஸ் பக்கத்தில் அந்த நிரலின் மேல் வலது கிளிக் செய்து 'செட் அஃபினிட்டி'யில் ஒரு ப்ராசசரை மட்டும் விட்டால், ஒரு கட்டம் உச்சத்துக்கு ஏறும், மற்றது படுத்துவிடும். அடுத்த ப்ராசசருக்கு இரண்டாவது பாட்டைக் கொடுங்கள். இரண்டும் உச்சத்தில் நிற்கும்போது மௌஸ் அசைவதைக் கவனியுங்கள். இரட்டை ப்ராசசரின் அருமை ஒரு வேலையை இரண்டு மடங்கு வேகமாக முடிப்பதில் இல்லை. ஒரு வேலை கழுத்தைப் பிடித்திருக்கும்போதும் கணினி உங்களுக்குப் பதில் சொல்கிறது பாருங்கள், அதில் இருக்கிறது.

இரண்டும் ஒரே பஸ்ஸைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. பரோட்டா மாஸ்டர் இரண்டு பேர், கல் ஒன்று என்பதுபோல. 66 மெகாஹெர்ட்ஸில் 8 பைட் வீதம் நொடிக்கு 533 எம்பிதான் கொள்ளளவு. நினைவகத்தை அதிகம் தொடும் வேலைகளில் பலன் குறையும். செலரானுக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடும் 128 கேபி கேஷுக்குள் (ப்ராசசரின் சொந்தச் சிறு நினைவகம்) அடங்கும் வேலைகளில் நன்றாகத் தெரியும். விளையாட்டுகளில் பெரும்பாலானவை இரண்டாவது ப்ராசசரைத் தொடுவதே இல்லை. 1999இல் வந்த குவேக் 3 விதிவிலக்கு: அதன் கன்சோலில் ஆர்_எஸ்எம்பி 1 என்று கொடுத்தால் இரண்டையும் பயன்படுத்தும், கிராஃபிக்ஸ் டிரைவர் ஒத்துழைத்தால்.

எல்லாம் சரியாக ஓடினால் கேசில் பூட்டுங்கள். முன்னால் காற்று உள்ளே வர ஒரு விசிறி, பின்னால் வெளியேற ஒன்று. வீவக வீட்டு ஸ்டோர்ரூமில் மாதக்கணக்கில் போட்டு வைப்பதானால் நாணய பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்டியைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடுங்கள். இடையிடையே எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டினால் கெப்பாசிட்டர்களுக்கும் நல்லது. செத்த பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.